சலவை யந்திரம் தின்ற சேர்ட்

உங்களில் குறைந்தது நாலு பேர் நான் திருகாணி போட்டுப் பூட்டிய கதிரையைக் கடித்தவர்கள். பெயர் சொல்ல மாட்டேன். இப்போது வளர்ந்து, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் முன்வரிசையில் நின்று எனக்கு மரியாதையாக வணக்கம் சொல்கிறீர்கள். ஆனால் ஒன்றரை வயதில் உங்கள் பற்கள் எந்தப் பலகையில் பதிந்தன என்பது எனக்குத் தெரியும். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்தவன் நான்தான்.

உங்கள் பள்ளி மலருக்கு என் வேலையைப் பற்றி எழுதித் தரும்படி ஆசிரியை கேட்டபோது, "திருகாணியைப் பற்றி என்னத்தை எழுதிறது பிள்ளை?" என்றேன். "அதைத்தான் எழுதுங்கோ அங்கிள். இதுகள் கதிரை மரத்திலை காய்க்குது எண்டு நினைச்சுக்கொண்டிருக்குதுகள்" என்றார். அதனால் எழுதுகிறேன். எழுதியதில் பாதியை வாசித்துப் பார்த்த என் மகள், "பாப்பா, சே த்ரோ லோங்" என்றாள். கூட நீளம் என்று அர்த்தம். தமிழில் எழுதிய தகப்பனுக்குப் பிரெஞ்சில் மதிப்புரை! நீளமாக இருந்தால் இடையில் தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள்.

நான் படித்தது பத்தாம் வகுப்பு. பிரான்சுக்கு வந்து ஆறு வருடம், கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். கோப்பை கழுவும் யந்திரம் நின்றுபோனால் எல்லாவற்றையும் கையால் கழுவ வேண்டும். அந்தப் பயத்தில் யந்திரத்தைத் திருத்தப் பழகினேன். சோம்பல் சொல்லித் தந்த தொழில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மூன்று மாதப் பயிற்சி, ஒரு சான்றிதழ். கடைசியில், பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாசப்பலுக்கும் ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையத்துக்கும் நடுவில் இருந்த ஒரு கிறெஷில், அதாவது வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தில், பராமரிப்பு ஆளாகச் சேர்ந்தேன். அறுபது பிள்ளைகள். பதினாறு பெண்கள். அங்கே என்னைத் தவிர மற்ற ஆண்கள் எல்லாரும் நாப்பி கட்டியிருந்தார்கள்.

கிறெஷின் பொறுப்பாளர் மதாம் விடால். மெலிந்த உருவம். கயிற்றில் கோத்த மூக்குக்கண்ணாடி நெஞ்சில் தொங்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யாராவது ஒரு காரணம் சொன்னால், பேனையைத் தாளுக்கு மேல் பிடித்தபடி, "எ அலோர்?" என்பார். "சரி, அதுக்கு?" என்பது போல. பிறகு பேசாமல் இருப்பார். அந்த அமைதிக்குள் மனிதன் தானாகவே உண்மையைக் கொட்டிவிடுவான். பொலிசுக்குப் போயிருந்தால் பெரிய பதவிக்கு வந்திருப்பார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், கால் உடைந்த ஒரு சின்னக் கதிரையைத் திருத்திக்கொண்டு அவரிடம் போனேன். பாராட்டுக் கிடைக்கும் என்று நினைத்தேன்.

"ஏன் உடைந்தது?" என்று கேட்டார்.

"பழசு, மதாம்."

"இதோடு ஒரே நாளில் வாங்கிய கதிரை இன்னும் பதினொன்று இருக்கிறது. அவை ஏன் உடையவில்லை? எ அலோர்?"

அந்தக் கதிரை இருந்த அறையின் மூலையில் அரை நாள் நின்று பார்த்தேன். மத்தியானம் விஷயம் தெரிந்தது. பிள்ளைகளுக்குச் சோறூட்டும் பெண்மணி, வேறு இருக்கை இல்லாததால், ஒவ்வொரு நாளும் அதே கதிரையில்தான் அமர்ந்தார். பன்னிரண்டு கிலோவுக்குச் செய்த கதிரை எவ்வளவு காலத்துக்குத் தாங்கும்? பெரியவர்களுக்கான உயரம் குறைந்த முக்காலி ஒன்றை வாங்கச் சொன்னேன். அதற்குப் பிறகு அந்த அறையில் ஒரு கதிரையும் உடையவில்லை. பன்னிரண்டு கதிரையைக் காப்பாற்றியது ஒரு முக்காலி.

மதாம் விடாலிடம் ஒரு தடித்த கொப்பி இருந்தது. அதில் ஐந்து நிரல்: திகதி, பொருள், பழுது, செய்த வேலை, ஏன். முதல் நாலையும் யாரும் நிரப்பலாம். "உங்களுக்குச் சம்பளம் ஐந்தாவது நிரலுக்கு, முசியோ சிவா" என்பார். இன்னொன்றும் அடிக்கடி சொல்வார்: "ஓடிக்கொண்டிருப்பதைத் தொடாதீர்கள். பார்க்கலாம், கேட்கலாம், மணந்துகூடப் பார்க்கலாம். தொட வேண்டாம்."

திங்கட்கிழமைதான் என் சுற்று நாள். நாங்கள் இருந்தது பாரிஸுக்கு வெளியே, வில்லியே லே பெல்லில். முதல் ரயிலில் வந்து, பிள்ளைகள் வருமுன் கிறெஷ் முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றுவேன். உருளும் கட்டில்களின் சில்லுகளில் சுற்றிய தலைமயிரை வெட்டி எடுப்பேன். கதவிடுக்கில் விரல் நசியாமல் பூட்டிய றப்பர் பட்டையைத் தடவிப் பார்ப்பேன். கை கழுவும் தண்ணீரின் சூட்டை அளப்பேன். பிறகு திருகாணிகள். அவற்றைப் பார்க்க எனக்கு ஒரு வழி இருந்தது. இறுக்கிய திருகாணியின் தலையிலிருந்து பக்கத்து மரம் வரைக்கும் நகப்பூச்சால் ஒரு சின்னக் கோடு போடுவேன். திருகாணி மெல்ல இளகினால் கோடு உடைந்து தெரியும். திருப்பிப் பார்க்கவே தேவையில்லை, நடந்துபோகும்போதே கண்ணில் படும்.

லாசப்பல் கடையில் முதல்முறை சிவப்பு நகப்பூச்சு வாங்கியபோது கடைக்காரத் தம்பி சிரித்தார்.

"அண்ணை, உங்களுக்கோ அக்காவுக்கோ?"

"கதிரைக்கு."

"ஓம், ஓம். எல்லாரும் முதல்லை அப்பிடித்தான் சொல்லுவினம்."

இந்தச் சுற்றால் மூன்று வருடத்தில் வெளியாட்களைக் கூப்பிட்டுத் திருத்தும் செலவு பாதிக்கும் கீழே போனது. காய்ச்சல் வந்தபின் மருந்து தேடுவதைவிட, வருமுன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது மலிவு. எனக்குத் தலைக்கனமும் கொஞ்சம் வந்துவிட்டது. அதை இறக்கியது சலவை யந்திரம்.

சலவை அறை மரியாமின் ராச்சியம். மாலி நாட்டுப் பெண்மணி. பதினொரு வருடமாக அங்கே பிள்ளைகளின் துணி துவைத்தவர். கழுத்துத் துணிகளை மடிக்கும்போது பாடுவார், யந்திரமும் கூடச் சேர்ந்து பாடுவது போல இருக்கும். சிறு பிள்ளைகளுக்குப் போர்வை கொடுக்கக் கூடாது என்பதால் தோளில் பொத்தான் போட்ட தூக்கப் பையில்தான் படுக்க வைப்பார்கள். அந்தப் பைகள் வீட்டிலிருந்து வரும். துவைப்பது மரியாம், வெள்ளிக்கிழமைகளில்.

அந்த வருடம் யந்திரம் நிற்கத் தொடங்கியது. அதைத் திருத்துவது வெளி நிறுவனம் ஒன்றின் பொறுப்பாக இருந்ததால், சுண்ணாம்பு நீக்குவதைத் தவிர வேறொன்றுக்கும் நான் அதைத் தொடவில்லை. அவர்களின் ஆள் இரண்டு மாதத்தில் மூன்று தரம் வந்தார். மூன்று தரமும் "தண்ணீர் இறைக்கும் பம்புக்குள் வெளிப்பொருள்" என்று எழுதிவிட்டு, கட்டணச் சீட்டை வைத்துவிட்டுப் போனார். என்ன பொருள், எங்கிருந்து வந்தது என்று எழுதவில்லை. அந்தச் சீட்டுகளைப் பார்த்த மேலிடம் ஒரு கடிதம் அனுப்பியது. துவைக்குமுன் துணியைச் சோதிக்காதது ஊழியரின் கவனக்குறைவு. இன்னொரு தரம் நின்றால் சலவையை வெளியே கொடுத்துவிடுவோம், அந்த வேலை தேவைப்படாது.

அந்த வேலை என்றால் மரியாம். அந்த வருடம் அவர் வதிவிட அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். வேலை போனால் அட்டையும் ஆடும். இதை உங்கள் அப்பாமாருக்கு விளக்கத் தேவையில்லை. நீங்கள் வேண்டுமென்றால் அவர்களிடம் கேளுங்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் மரியாம் என்னைத் தேடி வந்தார். பாட்டு இல்லை.

"முசியோ சிவா, நின்றுவிட்டது. உள்ளே தண்ணீர். அவர்களைக் கூப்பிட வேண்டாம். நீங்கள் ஒருமுறை பாருங்கள்."

நிலத்தில் துவாய்களை விரித்தேன். யந்திரத்தின் அடியில் இருந்த சின்னக் கதவைத் திறந்து, தட்டம் வைத்து, மூடியை அரைச் சுற்றுத் திருப்பித் தண்ணீரை விட்டேன். தட்டம் நிறைய மூடி, ஊற்றி, மறுபடி திருப்பி. ஒன்பது தட்டம். ஊற்றுவது மரியாம். அவர் பக்கத்துத் தொட்டிக்குப் போயிருந்தபோது மூடியை முழுதாகக் கழற்றிக் கையை விட்டேன்.

முதலில் ஒரு குட்டிக் காலுறை. பிறகு மூன்று கறுப்பு மணிகள். பிறகு ஊறிப் பருத்த ஒரு வேர்த்துண்டு. மணந்து பார்த்தேன். வசம்பு. கடைசியில், கறுப்பு நூல் முடிச்சோடு ஒரு துணித் துண்டு. நீலக் கட்டம் போட்ட துணி.

பிள்ளைகளே, அது என் சேர்ட்.

வெயிற்காலத்திலிருந்து நான் தேடிக்கொண்டிருந்த சேர்ட். எங்கே என்று கேட்ட போதெல்லாம் என் மனைவி, "வீட்டு மெசின் திண்டிருக்கும்" என்றாள். மெசின் தின்றது உண்மைதான், வேறு மெசின். அவளை உங்களுக்குத் தெரியும். பள்ளி விழாவில் வடை பரிமாறும் பவளம் அன்ரி. லாசப்பலில் ஒரு தையற்கடையில் வேலை பார்த்தாள். அவள் முடிச்சை நான் இருட்டிலும் அடையாளம் காண்பேன்.

அந்த நேரம் பார்த்து மதாம் விடால் கொப்பியோடு வந்தார். நான் எல்லாவற்றையும் காற்சட்டைப் பைக்குள் தள்ளினேன்.

"எ அலோர்?"

"கல்கேர், மதாம்" என்றேன்.

கல்கேர் என்பது பாரிஸ் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு. உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் பிடித்திருக்குமே, அதுதான். யார் மேலும் பழி விழாத குற்றவாளி. கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் எழுதினார். பிறகு இரண்டு தாளைப் பின்னால் புரட்டி என் பக்கம் திருப்பினார். "பதினொரு நாளுக்கு முன் இந்த யந்திரத்துக்குக் கல்கேர் நீக்கியதாக எழுதியிருக்கிறது. உங்கள் கையெழுத்து." விரல் மேலே போனது. "நாலு பழுது. நாலு திகதி. நாலும் வெள்ளிக்கிழமை. கல்கேருக்குக் கிழமை தெரியுமா, முசியோ சிவா?"

நான் தட்டத்தைப் பார்த்தேன். அவர் பேனையை மூடினார்.

"திங்கள் நாலு மணிக்குள் மேலிடத்துக்குப் பதில் எழுத வேண்டும். கல்கேர் என்று எழுதினால் சிரிப்பார்கள். ஊழியரின் தவறு என்று எழுதச் சொல்கிறீர்களா?"

மரியாம் வெறும் தட்டத்தோடு வாசலில் நின்றிருந்தார்.

வீட்டுக்கு வந்து துணித் துண்டை மேசையில் வைத்தேன். பவளம் பார்த்தாள். பிறகு குசினிப் பக்கம் பார்த்தாள், தப்பியோட வழி இருக்கிறதா என்று.

"இது என்ரை சேர்ட்."

"கிழிஞ்ச சேர்ட்."

"கொலர் மட்டும்தான் கிழிஞ்சது!"

"கொலர் இல்லாத சேர்ட்டை வைச்சு என்னப்பா செய்யப்போறியள், பூசையோ? பருத்தி நல்ல துணி. பிள்ளையளின்ரை உடம்புக்கு உறுத்தாது."

கதை அப்போதுதான் வெளியே வந்தது. கிறெஷில் காப்பு, மாலை, அரைஞாண் ஒன்றும் போடக் கூடாது என்பது சட்டம். கறுப்புக் காப்பைக் கழற்றிய தாய்மார் தையற்கடைக்கு வந்து அழுதிருக்கிறார்கள். பவளம் மணியும் வசம்பும் வைத்துச் சின்ன முடிச்சுக் கட்டி, தூக்கப் பையின் கரைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறாள். ஒரு சதமும் வாங்கவில்லை.

"நாலு மாசப் பிள்ளையப்பா. பாசை தெரியாத ஆக்களிட்டைக் குடுத்திட்டு வேலைக்கு ஓடுதுகள். தாய் கூடப் போகேலாது. அந்த முடிச்சாவது கூடப் போகட்டும் எண்டுதான் தைச்சனான். நான் என்ன களவே எடுத்தனான்?"

ஆனாலும் கேட்டேன். "அந்த மணி பிள்ளையின்ரை வாய்க்குள்ளை போனா?"

"போகாது. இறுக்கித் தைச்சனான்."

"இறுக்கித் தைச்சதுதான் பம்புக்குள்ளை கிடந்தது."

அவள் கதிரையில் இருந்துவிட்டாள். பவளம் பேசாமல் இருப்பது எங்கள் வீட்டில் கிரகணம் மாதிரி.

"மரியாம் எண்டு ஒரு மனிசி," என்றேன். "உன்ரை முடிச்சாலை அவவுக்கு வேலை போகப்போகுது."

"ஏன், நீங்கள் உண்மையைச் சொல்லேல்லையோ?"

"கல்கேர் எண்டு சொன்னனான்."

"விசரே உங்களுக்கு? பச்சைப் பொய்!"

பாருங்கள், கடைசியில் குற்றவாளி நான்.

ஞாயிறு முழுவதும் அவள் தொலைபேசியில் தாய்மாரோடு பேசினாள். திங்கள் காலையில் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு என்னோடு ரயிலேறினாள். கிறெஷ் வாசலில் சப்பாத்துக்கு மேலே நீலப் பிளாஸ்டிக் உறை போட வேண்டும். "சேலைக்குப் பொருந்தேல்லை" என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டாள். நான் பையிலிருந்து மணிகளை எடுத்து மதாம் விடாலின் மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சேர்ட்டையும் சேர்த்து.

அவர் என்னைத் திட்டவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயை எடுத்தார். அந்தக் குழாய்க்குள் போகும் எந்தப் பொருளும் சிறு பிள்ளையின் தொண்டைக்குள்ளும் போகும் என்பது கணக்கு. புது விளையாட்டுச் சாமான் ஒவ்வொன்றையும் அதில் போட்டுப் பார்ப்போம். ஒரு மணியை எடுத்து மேலே பிடித்து விட்டார். டக். அடியில் போய் இருந்தது. மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. பவளம் கத்தரிக்கோலை வெளியே எடுத்தாள்.

சலவை அறையில், நான் முன்பு சொன்ன முக்காலியில் அமர்ந்து, பதினான்கு தூக்கப் பைகளின் கரையைப் பிரித்தாள். மரியாம் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

"இது எதற்கு?" என்று மதாம் விடால் ஒரு முடிச்சைக் காட்டிக் கேட்டார்.

"கண்ணூறு படாமல் இருக்க" என்று சொன்னேன்.

"யாருடைய கண்?"

பவளத்திடம் கேட்டேன். அவள் தலை நிமிராமல், "பிள்ளையைப் பார்த்து வடிவெண்டு சொல்லுற எல்லாற்றை கண்ணும்தான்" என்றாள்.

"அதை நான் ஒவ்வொரு காலையும் அறுபது தரம் சொல்கிறேனே."

"அப்ப முதல்லை உவவின்ரை கண்தான்" என்று பவளம் கத்தரிக்கோலால் நேராக மதாமின் கண்ணாடியைக் காட்டினாள்.

நான் தொண்டையைச் செருமினேன். "நீங்கள் பிள்ளைகளில் மிகவும் அன்பானவர் என்கிறார், மதாம்."

மரியாம் வாயைப் பொத்திக்கொண்டார். மதாம் விடால் என்னையும் கத்தரிக்கோலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முசியோ சிவா, இதுவும் கல்கேரா?"

மரியாம்தான் அந்த இடத்தில் பேசினார். அவர்கள் ஊரிலும் பிள்ளைகளுக்குக் கட்டுவார்களாம், தோலில் தைத்த கூடு. "நல்ல காலம், தோல் வரவில்லை" என்றார். "தோல் என்றால் யந்திரம் முதல் வாரமே செத்திருக்கும்."

மதாம் விடால் ஒரு முடிச்சை உள்ளங்கையில் வைத்துப் புரட்டினார். "இந்தக் கண் எந்த வழியால் வருகிறது?"

"வாசலாலைதான். வேறை எதாலை?" என்றாள் பவளம்.

"அப்படியானால் வாசலிலேயே அதை நிறுத்தலாமே?"

அன்று பின்னேரமே, வாசலில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அடையாளமாக ஒட்டியிருந்த பிராணிப் படத்துக்கு நேராக, ஆள் உயரத்தில், ஒரு கொக்கி பூட்டினேன். யானைக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று, ஆமைக்கு ஒன்று. முடிச்சு அங்கே தொங்கும். பின்னேரம் தாய் வந்து பிள்ளையோடு சேர்த்து எடுத்துப் போவாள். இரண்டு வாரத்தில் மூன்று பிரெஞ்சுத் தாய்மாரும் ஒரு சீனத் தகப்பனும் தங்களுக்கும் ஒன்று கிடைக்குமா என்று கேட்டார்கள்.

அந்தத் திங்கள் நாலு மணிக்கு முன் மதாம் விடால் கொப்பியை என் முன் வைத்தார். "கடிதம் நான் எழுதுகிறேன். இதை நீங்கள் திருத்துங்கள்." ஐந்தாவது நிரலில் என் பேச்சை நம்பாமலே அவர் எழுதியிருந்த 'கல்கேர்'. அதை ஒரு கோட்டால் வெட்டிவிட்டு, பக்கத்தில் என் கையால் எழுதினேன்: என் சேர்ட்.

வாசித்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். தோள் குலுங்கியது.

பழுதின் காரணம் கண்டுபிடித்து நீக்கப்பட்டது, ஊழியரில் பிழை இல்லை என்று கடிதம் போனது. இனிக் காலுறைகளை வலைப் பைக்குள் போட்டுத் துவைப்போம், பம்பின் வடிகட்டியை ஒவ்வொரு வெள்ளியும் சிவா திறந்து பார்ப்பார் என்றும் எழுதியிருந்தார். வலைப் பைகளைத் தைத்தது பவளம், தண்டனையாக. மேலிடத்தின் பதில் வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் மரியாம் பாடவில்லை. பதில் வந்த அன்று சலவை அறையிலிருந்து கேட்ட பாட்டுக்கு, தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் எழும்பிவிட்டன. வேலை இருந்தது. அட்டையும் புதுப்பித்தாயிற்று.

அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை அந்த யந்திரம் ஒரு நாளும் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் வடிகட்டியைத் துப்புரவாக்கிய என் கைதான் காரணம் என்று பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கும் அப்படித்தான் எழுதி முடிக்க இருந்தேன்.

போன வாரம் தொலைபேசி அடித்தது. என் இடத்துக்கு வந்திருக்கும் தனசேகர், புதுச்சேரிக்காரர். இப்போது கொப்பி இல்லை. ஒவ்வொரு சாமானிலும் ஒரு சதுரப் படம் ஒட்டி, தப்லெத் என்ற கைக்கணினியைக் காட்டினால் அதன் உறுப்புகளின் பட்டியல் வருமாம்.

"அண்ணே, ஒரு சந்தேகம். சலவ மெஷினை முன்னால இழுத்தேன். பின்னாடி தண்ணிக் குழாயில என்னமோ கட்டியிருக்கு. நீலக் கட்டம் போட்ட துணில ஒரு முடிச்சு. பட்டியல்ல இல்லண்ணே. எடுத்துரவா?"

நான் குசினியை எட்டிப் பார்த்தேன். பவளம் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டும் சத்தம் நின்றது.

"மரியாம் கேட்டவ," என்றாள், திரும்பாமல். "சேர்ட்டிலை ஒரு கை மிச்சம் இருந்தது. குடுத்தனான்."

"அண்ணே? லைன்ல இருக்கீங்களா?"

பிள்ளைகள் போகாத அறை. பதினாறு வருடமாக நிற்காத யந்திரம்.

"தொடாதையும் தம்பி," என்றேன். "ஓடுறதைத் தொடக் கூடாது."

"சரிண்ணே. ஆனா தப்லெத் விடமாட்டேங்குது. உறுப்போட பேரு கேக்குது. என்னன்னு போட?"

"சேர்ட் எண்டு போடும்."